கார்கிவிலிருந்து வந்த கோட்டு

ஓணத்துக்கு முன்னால் எப்படியும் நாலைந்து நாள் நல்ல வெயில் அடிக்கும். அந்த வெயிலுக்காகக் காத்திருந்து அலமாரிகளை ஒழிப்பது எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து உள்ள வழக்கம். இடவப்பாதி தொடங்கி கர்க்கடகம் முடிகிறவரை பெய்கிற மழையில் திருவனந்தபுரத்து வீடுகளில் பூசணம் பிடிக்காத துணி கிடையாது. பட்டுச்சேலை, கரைவேட்டி, கல்யாண ஆல்பம், கடைப் பத்திரங்கள் எல்லாமே மொட்டைமாடிக்கு ஏறும். பாச்சை உருண்டை வாசம் எங்கள் கரமனைத் தெருவில் நாலு வீடு தள்ளியும் அடிக்கும்.

இந்த வருஷம் கீழ்த்தட்டை நான்தான் ஒழித்தேன். கை விட்டதும் அந்தக் கோட்டு வந்தது. ஒரு கையால் இழுத்தால் வராது, இரண்டு கையாலும் அள்ள வேண்டும். கறுப்பு நிறம், முழங்கால் வரை நீளம், தலைமூடியின் ஓரமெல்லாம் பூனைமயிர் போல ரோமம். இடது கை மடிப்பில் காசளவுக்கு மெழுகு சொட்டி உறைந்திருக்கிறது. சூடு காட்டினால் மெழுகு உருகி வந்துவிடும். என் மனைவி அதைத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

மார்கழி விடியற்காலையில்கூட ஒரு துண்டைத் தோளில் போட்டால் போதும் என்கிற ஊர் இது. இங்கே அந்தக் கோட்டுக்கு வேலை இல்லை. ஆனாலும் கொடியில் விரித்து, கைகளை நீட்டி, பையை வெளியே இழுத்து வெயில் பட வைத்தேன். கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே நின்றேன்.

என் பையன் உக்ரைனில் கார்கிவ் நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போனது 2019-இல். சாலைக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் ஏலமும் விற்கிற எங்களுக்கு, இங்குள்ள தனியார் கல்லூரிக் கணக்கு எட்டவில்லை. நீட் தேர்வில் அவன் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை. அந்த நாட்களில் கேரளத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது உக்ரைன், ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் என்று பேச்சு இருக்கும். ரஷ்யா போர் தொடங்கிய சமயத்தில் உக்ரைனில் படித்துக்கொண்டிருந்த இந்தியப் பிள்ளைகள் பதினெட்டாயிரம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள். அதில் ஒருவன் என் பையன்.

போன முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் ஒரே இரைச்சல். "அப்பா, இங்க பாருங்க, நம்ம சாலை மாதிரியே ஒரு சந்தை" என்று போனைத் திருப்பிக் காட்டினான். பரபாஷோவோ சந்தை. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. சாலையைப் போல நூறு மடங்கு இருக்கும், ஆனால் ஜாடை அதேதான். தகரக்கூரை, இரண்டு பக்கமும் கடை, நடுவில் கைவண்டி தள்ளுகிற ஆள், கூவிக் கூவிப் பேரம். துணிக்கடையில் ஒரு கிழவி அவன் தோளைப் பிடித்துத் திருப்பி இந்தக் கோட்டைப் போட்டுவிட்டாள். "பேரம் பேசுனியா?" என்று கேட்டேன். "பேசினேன்ப்பா, மூணுல ஒண்ணு கொறைச்சிட்டேன்" என்றான். சாலையில் மூன்று தலைமுறை கடை வைத்த குடும்பத்துப் பிள்ளை. எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

பையனைப் படிக்க அனுப்பும்போது நான் எனக்குள்ளேயே ஒரு சத்தியம் செய்திருந்தேன். என்ன வந்தாலும் படிப்பின் நடுவில் இவனைத் திரும்பக் கூப்பிடக்கூடாது. அதற்குக் காரணம் ஒரு தந்தி.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் மெட்ராஸில் பொறியியல் மூன்றாம் வருஷம். ஒரு மத்தியானம் விடுதி வாசலில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தி என் பெயரைச் சொல்லிக் கேட்டார். அந்தக் காலத்தில் தந்தி என்றாலே அடிவயிறு கலங்கும். எங்கள் தெருவில் தந்தி வந்த வீட்டில் உறையைப் பிரிப்பதற்கு முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு வந்ததில் நாலே வார்த்தை. 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி'. அறையில் இருந்த பையன்கள் ஆளுக்குப் பத்தும் இருபதுமாகப் போட்டுப் பணம் சேர்த்துக் கொடுத்து, சென்ட்ரலில் திருவனந்தபுரம் மெயிலில் ஏற்றிவிட்டார்கள். ரிசர்வேஷன் இல்லாத பெட்டி. விடிய விடிய கதவோரம் நின்றுகொண்டு வந்தேன். பாலக்காட்டைத் தாண்டியதும் பச்சை தெரிந்தது. அப்பா முகம் இனி பார்க்கக் கிடைக்குமா என்று அழுதுகொண்டே வந்தேன்.

தம்பானூரில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக சாலைக்கு ஓடினேன். கடை பூட்டியிருந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம், திறந்திருந்தால் உயிர் இருக்கிறது என்று எண்ணம். கடை திறந்திருந்தது. கல்லாவில் அப்பா உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, காதிடுக்கில் பென்சில். என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா மக்கா?" என்றார்.

அண்ணனுக்கு மஸ்கட் விசா வந்திருந்தது. ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டும். கடையில் இருக்க ஆள் வேண்டும். நிஜத்தை எழுதினால் பரீட்சை முடிந்து வருகிறேன் என்று நான் சொல்லிவிடுவேன் என்று அப்பா நினைத்திருக்கிறார். அன்று மத்தியானமே கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தேன். மெட்ராஸிலிருந்த என் பெட்டி படுக்கையை ஒரு மாதம் கழித்து ரயில் பார்சலில் எடுத்தோம்.

அப்பா கெட்டவர் இல்லை. அன்றைய அப்பாக்களுக்குத் தெரிந்த வழி அதுதான். பிள்ளையைத் திரும்ப வரவழைக்க வேண்டுமானால் 'மதர் சீரியஸ்', இல்லையென்றால் 'கிராண்ட்மதர் எக்ஸ்பயர்ட்'. கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்துவிட்டும் அப்படித்தான் அடித்தார்கள், பாகப்பிரிவினைக்கும் அப்படித்தான். எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி மூன்று தடவை சீரியஸ் ஆகி, நாலாவது தடவை நிஜமாகவே விழுந்தபோது பம்பாயிலிருந்த பேரன் நம்பாமல் வராமல் இருந்துவிட்டான். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையை நிறுத்தியபோது, ஊரே ஏதோ பழைய சொந்தக்காரர் போய்விட்டது போல எழுதியது. எனக்கு அந்த வருத்தம் வரவில்லை.

அப்பா அந்தத் தந்தியைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் என் பையன் பிறந்து, அவனை முதன்முதலில் மடியில் வாங்கியபோது, என் முகத்தைப் பார்க்காமல், "இவன் எம்புட்டுப் படிக்கணுமோ அம்புட்டும் படிக்கட்டும்" என்றார். எனக்கு அது போதும்.

கரமனைக்காரர்களுக்கு வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளை என்றால் இன்னொரு கதையும் உண்டு. தாத்தா ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் செண்பகராமன் பிள்ளையைப் பற்றிச் சொல்லுவார். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பம், இதே திருவனந்தபுரத்தில் 1891-இல் பிறந்தவர். 1908-இல், பதினேழு வயதில், ஸ்ட்ரிக்லாண்ட் என்ற வெள்ளைக்கார உயிரியல் அறிஞரோடு கப்பல் ஏறினார். கூடவே கிளம்பிய உறவுப் பையன் பத்மநாப பிள்ளை கொழும்பிலிருந்தே திரும்பிவிட்டார். செண்பகராமன் திரும்பவில்லை. ஐரோப்பாவில் படித்து, பெர்லினில் இருந்துகொண்டு வெள்ளைக்காரனை எதிர்த்து வேலை செய்து, 1934-இல் அங்கேயே இறந்தார். சாம்பலாவது ஊருக்குப் போகட்டும் என்று அவர் மனைவி லட்சுமிபாய் முப்பத்திரண்டு வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்து, 1966-இல் ஐ.என்.எஸ். டில்லி கப்பலில் கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கரமனை ஆற்றில் கரைக்க வேண்டும் என்பது அவர் ஆசை என்று சொல்வார்கள். தாத்தா இதைப் பெருமையாகத்தான் சொல்லுவார். பாட்டி மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்பாள்: "அவனப் பெத்தவ எப்பிடி இருந்தாளோ?"

2022 பிப்ரவரி 15 அன்று கடையில் உட்கார்ந்திருந்தபோது செல்போனில் செய்தி வந்தது. கீவிலுள்ள இந்தியத் தூதரகம், அவசியமாகத் தங்க வேண்டியவர்கள் தவிர மற்றவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக ஊருக்குத் திரும்புவதைப் பற்றி யோசிக்கலாம் என்று அறிவித்திருந்தது. 'யோசிக்கலாம்' என்கிற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைப் பையனிடம் வரைபடம் எடுக்கச் சொன்னேன். கார்கிவிலிருந்து ரஷ்ய எல்லை எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "நாப்பது கிலோமீட்டர் அண்ணாச்சி" என்றான்.

நாற்பது கிலோமீட்டர் என்றால் சாலையிலிருந்து களியக்காவிளையைக் கொஞ்சம் தாண்டுகிற தூரம். நாகர்கோவில் போகிற பஸ்ஸில் ஏறி, நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டி ஒரு டீ குடிக்கிற தூரம். மாசத்துக்கு இரண்டு தடவை சரக்கு எடுக்க நான் கடக்கிற மாநில எல்லை அது. அந்தத் தூரத்தில் பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன என்று மனசில் நிறுத்திப் பார்த்தேன். அதற்குப் பிறகு அன்று எனக்கு எடை போட ஓடவில்லை.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17, ஆற்றுகால் பொங்கல். எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு அந்த நாளைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஆற்றுகால் கோயிலிலிருந்து கிழக்கே கரமனை வரை, வடக்கே தம்பானூரையும் தாண்டி, தெரு, சந்து, ரயில் நிலைய வாசல் எல்லா இடத்திலும் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் போடுவார்கள். 2009-இல் இருபத்தைந்து லட்சம் பெண்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. சாலையில் அன்று கடை திறக்க முடியாது, வாசலெல்லாம் அடுப்பாக இருக்கும். நாங்கள் தண்ணீரும் மோரும் ஊற்றிக் கொடுப்போம். அந்த வருஷம் கொரோனாவால் வீதியில் கூடாது, அவரவர் வீட்டிலேயே போடலாம் என்று உத்தரவு. என் மனைவி எங்கள் முற்றத்தில் கல் கூட்டினாள். புது மண்பானை, பச்சரிசி, சர்க்கரை, துருவிய தேங்காய். கோயிலில் அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்று டிவியில் காட்டிய பிறகு இவளும் சூட்டோலையில் தீ வைத்தாள்.

பானை பொங்குகிறபோது அவள் அழுததைப் பார்த்தேன். புகையால் என்று முதலில் நினைத்தேன். "எனக்கு உடம்புக்கு முடியலன்னு சொல்லுங்க. நெஞ்சு வலின்னு சொல்லுங்க. வந்துருவான்" என்றாள்.

கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்தத் தந்தி என் கையில் மறுபடியும் வந்து விழுந்தது போல இருந்தது. அவள் சொல்வதில் தப்பில்லை. ஒரே ஒரு பொய், பையன் மறு விமானத்தில் ஏறிவிடுவான். ஆனால் கதவோரம் நின்றுகொண்டு அழுதபடி வருகிற பயணம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது முடிந்து, கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அப்பாவைப் பார்க்கிற அந்த நிமிஷமும் தெரியும். உயிரோடு இருக்கிறாரே என்ற சந்தோஷமும், நம்மை ஏமாற்றிவிட்டார் என்பதும் ஒன்றாக வந்தால் ஒருவன் எதை முதலில் எடுத்துக்கொள்வான்?

"பொய் வேண்டாம். நான் பேசுறேன்" என்றேன்.

சாயங்காலம் கூப்பிட்டேன். நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். அவன் வகுப்பு முடிந்து அறைக்கு வந்திருந்தான். "அப்பா, இங்க ஒண்ணும் இல்ல. டிராம் ஓடுது. கடையெல்லாம் தெறந்திருக்கு. ஆளுக சிரிச்சிட்டு நடக்காங்க. டிவில காட்டுறத நம்பாதீங்க" என்றான். வகுப்புக்குப் போகாவிட்டால் ஒவ்வொன்றையும் திருப்பிச் செய்து மதிப்பெண் வாங்க வேண்டும், கல்லூரி ஆன்லைன் பற்றி எதுவும் சொல்லவில்லை, மூன்றாம் வருஷக்காரர்களுக்கு கிரோக் என்கிற அரசுத் தேர்வு வருகிறது. எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னான். கொரோனாவில் ஏற்கெனவே மாசக்கணக்கில் எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் உடற்கூறு படித்தவன் அவன். "பொணத்த ஸ்கிரீன்ல பாத்து டாக்டர் ஆக முடியுமாப்பா?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"மக்கா, நீ சொல்றது எல்லாம் சரி. எனக்கு பயமா இருக்கு. அவ்வளவுதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல. வந்துரு" என்றேன்.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. நான் பயப்படுகிறேன் என்று அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"டிக்கெட் போடுங்க" என்றான்.

சாதாரண நாளில் இருபத்தைந்து, முப்பதாயிரத்துக்குக் கிடைக்கிற டிக்கெட் அன்று அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. 20-ஆம் தேதிக்கு, கீவிலிருந்து ஷார்ஜா வழியாக ஒன்று கிடைத்தது. போட்டுவிட்டு, அவனோடு ஒரே அறையில் இருந்த பையனின் அப்பாவுக்கு போன் செய்தேன். நெடுமங்காட்டுக்காரர். வீட்டை வங்கியில் வைத்துக் கல்விக் கடன் எடுத்தவர். "சேட்டா, காலேஜ் லீவு விடாம எப்படி வரச் சொல்றது? ஒரு வருஷம் போயிட்டா கடன் எப்படி அடைப்பேன்? ரெண்டு நாள் பாப்போம்" என்றார். "அதுவும் சரிதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். நேரில் போய், உட்கார்ந்து, பணத்துக்கு என்ன செய்யலாம் என்று பேசியிருக்கலாம். நெடுமங்காடு பதினெட்டு கிலோமீட்டர்தான். என் பிள்ளைக்கு டிக்கெட் கிடைத்துவிட்ட நிம்மதியில் நான் போகவில்லை.

21-ஆம் தேதி விமான நிலையத்தில் பையன் வெளியே வந்தபோது மெல்லிய ஜாக்கெட் ஒன்றுதான் போட்டிருந்தான். "பெரிய கோட்டு எங்கடா?" என்று அவன் அம்மா கேட்டாள். "ரெண்டு வாரத்துல திரும்பப் போறேன், எதுக்கு சுமக்கணும்? அறையில தொங்குது" என்றான். அவன் குரலில் கோபம் இருந்தது. வீட்டுக்குக் கார் வரும்போதும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் தூதரகத்தின் இன்னொரு அறிவிப்பு வந்தது. பல்கலைக்கழகங்கள் ஆன்லைன் வகுப்பை உறுதிசெய்யும் என்று காத்திருக்காமல் மாணவர்கள் கிளம்பிவிட வேண்டும் என்று இந்த முறை வெளிப்படையாகவே சொன்னார்கள். பையன் படித்தான், ஒன்றும் சொல்லவில்லை. நெடுமங்காட்டுக்காரர் அன்றே டிக்கெட் தேடத் தொடங்கினார். அவருக்கு 26-ஆம் தேதிக்குக் கிடைத்தது.

24 காலை. ஃபில்டர் காப்பி இறங்குவதற்காக அடுக்களையில் நின்றிருந்தேன். மாடியிலிருந்து அவன் ஓடி வருகிற சத்தம் கேட்டது. படியில் மூன்று மூன்றாகத் தாண்டி வந்தான். "அப்பா, கார்கிவ்ல குண்டு போடுறான்." அன்று காலை இந்தியர்களை ஏற்றி வருவதற்காக டெல்லியிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா விமானம், உக்ரைன் வான்வழி மூடப்பட்டதால் பாதியிலேயே திரும்பியது. 26-ஆம் தேதி டிக்கெட் வெறும் காகிதமாயிற்று.

அதற்குப் பிறகான நாட்களில் பையன் சாப்பிட்டது குறைவு. அவன் கூடப் படித்தவர்கள் விடுதி நிலவறையிலும் மெட்ரோ நிலையங்களிலும் இருந்தார்கள். போன் சார்ஜ் தீர்ந்துவிடும் என்பதால் பேசமாட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை 'ஓகே' என்று மட்டும் செய்தி வரும். அந்த ஒற்றைச் சொல்லுக்காக இவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் தரையில் படுத்திருப்பான். நான் காப்பாற்றப்பட்டேன் என்று அவன் ஒருபோதும் சொல்லவில்லை. "நான் மட்டும் வந்துட்டேன்" என்றுதான் சொன்னான். எனக்கு நன்றி சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை என் மீதும் விழுந்தது.

மார்ச் 1-இல் சாப்பாட்டுப் பொருள் வாங்க வெளியே போன கர்நாடகத்துப் பையன் ஒருவன் கார்கிவில் குண்டுக்குப் பலியானான். அன்றிரவு நெடுமங்காட்டிலிருந்து அவரும் மனைவியும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். இங்கே இருந்தால் ஏதாவது தெரியும் என்று ஒரு நம்பிக்கை. மறுநாள் தூதரகத்திடமிருந்து வந்த அறிவிப்பைப் பையன்தான் வாசித்தான். கார்கிவிலுள்ள இந்தியர்கள் எல்லாரும் உடனே வெளியேற வேண்டும். பிசோச்சின், பாபாய், பெஸ்லூதிவ்கா, இந்த மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றுக்கு, உக்ரைன் நேரம் மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது.

அங்கே ஆறு என்றால் இங்கே ஒன்பதரை. எங்கள் ஹாலில் அப்பா காலத்துச் சுவர்க்கடிகாரம் இருக்கிறது. அன்று மாலை அதற்குக் கீழே நாங்கள் ஐந்து பேரும், பக்கத்து வீட்டு அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். பிசோச்சின் பதினொரு கிலோமீட்டர். பனியில், பையைத் தூக்கிக்கொண்டு, எங்கே விழும் என்று தெரியாத குண்டுகளுக்கு நடுவில் பிள்ளைகள் நடந்தார்கள். ஒன்பதரை அடித்தது. செய்தி இல்லை. பத்து. பத்தேகால். அந்தத் தாய் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு உதடு மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். பத்தே முக்காலுக்கு, 'எத்தி' என்று மலையாளத்தில் ஒரு சொல் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டான். என் மனைவி எழுந்து எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினாள்.

பிசோச்சினில் சாப்பாடும் தண்ணீரும் சரியாக இல்லாமல் மூன்று நாள். பிறகு பஸ், எல்லை, 'ஆபரேஷன் கங்கா' மீட்பு விமானம், டெல்லி கேரள ஹவுஸ். அங்கிருந்து கொச்சிக்கு மாநில அரசு ஏற்பாடு செய்த தனி விமானம், கொச்சியிலிருந்து பஸ். நெடுமங்காட்டுப் பையனைக் கூட்டிவர நாங்களும் போனோம். இறங்கியவன் மேலே என் பையனின் கறுப்புக் கோட்டு இருந்தது. இவன் அறையில் தொங்கவிட்டு வந்தது.

அவனுடைய ஜாக்கெட்டின் ஜிப் முதல் நாளே நிலவறைக்கு ஓடும்போது பிய்ந்துவிட்டதாம். கோட்டு இல்லாமல் அந்தக் குளிரில் பதினொரு கிலோமீட்டர் நடந்திருக்க முடியாது என்றான். கும்பத்து வெக்கையில், திருவனந்தபுரத்து மண்ணில் நின்றுகொண்டு, அதைக் கழற்றாமலேயே அவன் அம்மாவைக் கட்டிப் பிடித்தான். நிலவறையில் மெழுகுவர்த்தி பிடித்து உட்கார்ந்திருந்தபோது சொட்டியதுதான் அந்தக் கைமடிப்பு மெழுகு. இடது பையில் விடுதி அறைச் சாவி இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அந்த மாதம் 17-ஆம் தேதி பரபாஷோவோ சந்தையில் குண்டு விழுந்து தீப்பிடித்த படம் டிவியில் வந்தது. தகரக்கூரைகள் சுருண்டு கிடந்தன. சாலையில் தீப்பிடித்த இரவுகளை நான் பார்த்திருக்கிறேன். எரிந்த கடை முன்னால் காலையில் சாவிக்கொத்தோடு நிற்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். என் பையனுக்குக் கோட்டு விற்ற அந்தக் கிழவி என்ன ஆனாளோ.

இனி படிப்புக்கு வருவோம். அது எளிதாக முடியவில்லை. போர் ஓயவில்லை. இந்தியக் கல்லூரிகளில் இடம் தர மாட்டோம் என்று மருத்துவ ஆணையம் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளைகள் வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறிப் படிக்கலாம் என்று 2022 செப்டம்பரில் வழிவிட்டார்கள். என் பையனும் நெடுமங்காட்டுப் பையனும் சேர்ந்து ஜார்ஜியாவுக்குப் போனார்கள், அங்கேயும் ஒரே அறை. அந்தக் கடனை அவன் அப்பா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். இருவரும் படிப்பை முடித்துவிட்டு, இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எழுத வேண்டிய தேர்வுக்கு இப்போது எங்கள் மாடியில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

ஜார்ஜியாவுக்குக் கிளம்பும்போது கோட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நீ போடு, நீ போடு என்று இருவரும் மாற்றி மாற்றித் தள்ளி, கடைசியில் யாரும் எடுக்கவில்லை. விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன் என் பையன் திரும்பி வந்து, "அப்பா, இனியும் பயம் வந்தா சொல்லுங்க, வந்துருவேன்" என்றான். அப்பாவும் நானும் இப்படி ஒரு பேச்சைப் பேசியிருந்தால் என்று அன்று காரில் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்.

வெயில் சாய்ந்ததும் கோட்டை எடுத்து, சாவி இருக்கிறதா என்று பையில் தொட்டுப் பார்த்து, புது பாச்சை உருண்டை நாலு போட்டு உள்ளே வைத்தேன்.

பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பிள்ளையோடு ஒரே அறையில் இருக்கிறவனின் வீட்டு நம்பரை வாங்கி எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளையைக் கூப்பிட வேண்டிய நாள் வந்தால் அந்த வீட்டுக்கும் போன் செய்யுங்கள். 'ரெண்டு நாள் பாப்போம்' என்று அவர்கள் சொன்னால் போனை வைத்துவிடாதீர்கள், நேரில் போங்கள்.